படத்துக்கு ஒரு சட்டம்: ஹோகார்த்தும் 1735 ஜூன் 25-உம்

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. படத்தைச் சுற்றி அடிக்கும் மரமும் சட்டம். நாடாளுமன்றம் இயற்றுவதும் சட்டம். லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் அச்சுப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சிலேடை எனக்கு நினைவுக்கு வரும். அவருடைய 'ஊதாரியின் பயணம்' எட்டுத் தாள் கொண்ட தொகுதி. முதல் தாளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், படத்துக்குக் கீழே, செய்யுள் வரிகளுக்கும் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. கற்பனை செய்து, தீட்டி, செதுக்கி, வெளியிட்டவர் வில்லியம் ஹோகார்த், 1735 ஜூன் 25, நாடாளுமன்றச் சட்டத்தின்படி.

இந்த ஒரு வரிக்காகத்தான் அவர் அச்சான படங்களை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தார். பணம் கட்டியவர்கள் காத்திருந்தார்கள். திருடர்கள் காத்திருக்கவில்லை.

பிரிட்டனில் அச்சுப்படங்களுக்கு உரிமை கொடுத்த முதல் சட்டம் இது. பேச்சுவழக்கில் அதற்கு 'ஹோகார்த் சட்டம்' என்றே பெயர் நின்றுவிட்டது. வரலாற்று நூல்களில் இது கலைஞர்களின் வெற்றியாகச் சொல்லப்படும்; பொய்யில்லை. ஆனால் மேலே சொன்ன வரியில் நான்கு வினைகளும் ஓர் ஆளுக்கே இருப்பதைக் கவனியுங்கள். நான்கையும் தானே செய்யும் கலைஞர் லண்டனில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஹோகார்த் தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்ட சட்டை இது. மற்றவர்கள் அதை மாட்டிப் பார்த்தபோது எங்கெங்கே கிழிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு முழுசாகும்.

எடைக்கு எடை செம்பு

ஹோகார்த் பிறந்தது 1697-இல், லண்டன் ஸ்மித்ஃபீல்டு பகுதியில். அப்பா ரிச்சர்டு லத்தீன் ஆசிரியர். லத்தீனிலேயே பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு காப்பிக்கடை திறந்தார். இப்படி ஒரு கடை எத்தனை நாள் ஓடும் என்று ஊகிப்பது கடினமில்லை. கடன் ஏறியது, ஃப்ளீட் சிறையில் சில வருடங்கள் குடும்பத்தோடு கிடந்தார். வெளியே வந்தபின் அவர் தொகுத்த லத்தீன் அகராதியைப் புத்தக வியாபாரிகள் யாரும் அச்சேற்றவில்லை. 1718-இல் இறந்தார். அப்பாவைச் சாகடித்தவர்கள் அந்த வியாபாரிகள்தான் என்று மகன் கடைசிவரை நம்பினார். நடுவில் நின்று விற்கிறவன்மேல் ஹோகார்த்துக்கு இருந்த கசப்பை, அவர் நடத்திய வழக்கு வம்புகளில் எல்லாம் காணலாம். அந்தக் கசப்புக்கு வேர் இங்கே இருக்கிறது.

1714-இல் எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளித்தட்டுச் செதுக்குநரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். தட்டிலும் கரண்டியிலும் குடும்பச் சின்னம் செதுக்கும் வேலை. 1720-இல் தனியாகத் தொழில் தொடங்கினார்.

தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். மெருகேற்றிய செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் வரைந்து, திராவகத்தில் நனைத்தால் கோடு விழுந்த இடத்தில் செம்பு அரித்துக் குழியாகும். பிறகு சிற்றுளி எடுத்து, ஆழம் வேண்டிய இடத்தில் கையால் உழ வேண்டும். உழுவது என்பதுதான் சரியான சொல். உளி முன்னே போகும்போது செம்பு சுருளாக எழுந்து இருபக்கமும் கரை கட்டும். அந்தக் கரையை வழித்தெடுக்க வேண்டும். தகட்டைச் சூடாக்கி, குழிகளுக்குள் மையைத் திணித்து, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரத் தாளை வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளினால் தாள் குழிக்குள் இறங்கி மையை வாங்கிக்கொண்டு வரும். ஒரு பிரதி. மறுபடி மை, மறுபடி துடைப்பு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கோடு தேயும். மெல்லிய நிழல்கள்தான் முதலில் போகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தகட்டில் இருப்பது தாளில் இடம்வலம் மாறி விழும். ஹோகார்த் தன் ஓவியத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கியதால், சோன் அருங்காட்சியகத்தில் தொங்கும் 'ஊதாரியின் பயண' ஓவியங்களும் அச்சுப்படங்களும் கண்ணாடிப் பிம்பங்களாக இருக்கின்றன. கள்ளன் ஒருவன் அச்சுப்படத்தைப் பார்த்து அவசரமாகத் தகட்டில் ஏற்றினால் அது இன்னொரு முறை புரளும். அசலில் வாசல் இடப்பக்கம் இருந்தால் போலியில் வலப்பக்கம். வலக்கையில் தடி பிடித்தவன் இடக்கைக்காரனாகிவிடுவான். பழைய அச்சுப்படம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் கைகளைப் பாருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். கண்ணாடி வைத்து நேராக்கிச் செதுக்கிய பொறுமைசாலிக் கள்ளர்களும் இருந்தார்கள். அவர்களிடம் இந்தச் சோதனை பலிக்காது.

செதுக்கியவருக்குச் சொந்தக் கடை கிடையாது. செயின்ட் பால் தேவாலயத்துச் சுற்றுவட்டம், கார்ன்ஹில், ஃப்ளீட் தெரு என்று சில தெருக்களில் இருந்த அச்சுப்படக் கடைக்காரர்களிடம்தான் கொண்டு போக வேண்டும். பௌல்ஸ், ஓவர்ட்டன் ஆகிய குடும்பங்களின் கை அங்கே ஓங்கியிருந்தது. கார்ன்ஹில் 'கருங்குதிரை'க் கடையின் பௌல்ஸ், இளம் ஹோகார்த் அப்போதுதான் முடித்திருந்த ஒரு தகட்டுக்கு மதுப்புட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பவுண்டு எடைக்கு அரைக் கிரவுன் கொடுக்கிறேன் என்று பேரம் பேசியதாக ஒரு கதை உண்டு. அரைக் கிரவுன் என்றால் இரண்டரை ஷில்லிங். தகட்டில் என்ன செதுக்கியிருக்கிறது என்பது கணக்கில் இல்லை; செம்பு எத்தனை பவுண்டு தேறும்? கதை எவ்வளவு நிஜமோ, அந்தத் தொழிலின் மனசு அதில் அப்படியே இருக்கிறது.

1724-இல் ஹோகார்த் தன் சொந்தச் செலவில் ஒரு நையாண்டிப் படம் வெளியிட்டார். முகமூடி விருந்துகளுக்கும் இத்தாலிய இசை நாடகங்களுக்கும் கூட்டம் அலைமோதுவதையும், ஆங்கில நாடக ஆசிரியர்களின் நூல்கள் தள்ளுவண்டியில் பழைய காகிதமாகப் போவதையும் கிண்டல் செய்யும் படம். நன்றாகப் போனது. உடனே கடைகளில் அதன் நகல் பாதி விலைக்கு வந்தது. அதே கடைகள் அசலை 'விற்கவில்லை' என்று அவரிடமே திருப்பி அனுப்பின. கடைசியில் தகட்டையே அந்தக் கடைக்காரர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது, ஏனென்றால் விற்க வேறு இடம் கிடையாது. இதைப் பிற்காலக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இவர் உழுத நிலம் செம்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூடையில் ஒரு வாத்து

கடையைத் தாண்டிப் போக அவர் கண்ட வழி சந்தா. பத்திரிகையில் விளம்பரம் போட்டு, வாங்குகிறவரிடம் நேரடியாக முன்பணம் வாங்கி, அதற்கு ரசீதாகவே ஒரு சிறிய செதுக்குப்படத்தைக் கொடுத்து, படம் தயாரானதும் மீதியை வாங்கிக்கொண்டு கொடுப்பது. முறை அவர் கண்டுபிடித்ததில்லை. அதை இவ்வளவு சாமர்த்தியமாக நடத்தியவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

'விலைமகளின் பயணம்' இப்படித்தான் வந்தது. டிரூரி லேன் அறையில் நடுப்பகலில் படுக்கையை விட்டு எழும் ஒரு பெண்ணை ஹோகார்த் தீட்டியிருந்தார். பார்க்க வந்தவர்கள் இதற்கு முன்னும் பின்னும் என்ன என்று கேட்க, ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறானது என்று சக செதுக்குநர் ஜார்ஜ் வெர்ட்யூ தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆறு தாள், விலை ஒரு கினி. பாதி முதலில், பாதி படம் கிடைக்கும்போது. 1732-இல் அச்சிட்டது 1,240 தொகுதிகள் என்கிறது வெர்ட்யூ தரும் கணக்கு. ஒரு கினிக்கு 21 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு 20. மொத்தம் 1,302 பவுண்டு. நடுவில் எந்தக் கடைக்காரரும் இல்லை.

முதல் தாளை மட்டும் பார்ப்போம். யார்க் ஊர் வண்டியிலிருந்து கதையின் நாயகி மோல் இறங்கி நிற்கிறாள், இடுப்பில் கத்தரியும் ஊசிக் குஷனும் தொங்க, தையல் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தவள். அவள் தாடையைத் தொட்டுப் பேசிக்கொண்டிருப்பவள் நீடம் என்ற பெயர்போன தரகி. வாசலில் கண்ணால் அளந்துகொண்டு நிற்பவன் கர்னல் சார்ட்டரிஸ், 1730-இல் வன்புணர்வுக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு மன்னிப்பும் வாங்கிவிட்ட ஆள். லண்டன்காரர்கள் இருவரையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டிருப்பார்கள். என் கண் போவது கீழே மூலைக்கு. அங்கே ஒரு கூடையில் கழுத்துத் தொங்கிய ஒரு வாத்து கிடக்கிறது. கழுத்தில் கட்டிய சீட்டில், தேம்ஸ் தெருவில் இருக்கும் என் அன்பான உறவுக்கு என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுத்துப்பிழை. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஊரிலிருந்து கொண்டுவந்தது. அந்த உறவு அழைத்துப் போக வரவில்லை. அந்த ஒரு சீட்டில் முழுக் கதையும் முடிந்துவிடுகிறது. ஆறாவது தாளில் சவப்பெட்டி மூடியில் வயது 23 என்று இருக்கும்.

கள்ளப் பிரதிகள் மாதக் கணக்கில் குவிந்தன. எலைஷா கிர்கால் பச்சை மையில் ஒரு தொகுதியே போட்டார். ஜைல்ஸ் கிங் என்பவரை வைத்து, மலிவான சிறிய நகலை ஹோகார்த்தே அனுமதி கொடுத்து வெளியிட வைத்தார். எப்படியும் திருடப் போகிறார்கள், திருட்டுச் சந்தையிலும் நம் சரக்கு ஒன்று இருக்கட்டும் என்ற கணக்கு. போதவில்லை. இந்தத் தொகுதி எந்தக் காலத்திலும் 1735 சட்டத்தின் நிழலுக்குள் வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது முன்பே வெளியாகிவிட்டது.

மனு

1735 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. ஹோகார்த், வெர்ட்யூ, ஜெரார்ட் வாண்டர்குக்ட், ஜான் பைன், ஐசக் வேர், ஜார்ஜ் லாம்பர்ட், ஜோசப் கூப்பி ஆகியோர் சேர்ந்து அனுப்பியது. உறுப்பினர் ஒருவருக்கு எழுதிய கடிதம் போல ஒரு துண்டு நூலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் சொல்லப்பட்ட புகார் நமக்குத் தெரிந்ததுதான்: கடைக்காரர்கள் கையளவு பேர், பணக்காரர்கள், தங்களுக்குள் ஒற்றுமை உள்ளவர்கள். ஒருவர் புதுப் படம் கொண்டுவந்தால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கூலிக்கு ஆள் பிடித்து நகல் எடுத்து, நகலை விற்றுவிட்டு அசலைத் திருப்பித் தருகிறார்கள்.

மசோதாவை எழுத உதவியவர் ஹோகார்த்தின் நண்பர் வில்லியம் ஹக்கின்ஸ். புத்தகங்களுக்கு 1710-இல் வந்திருந்த ஆன் அரசியின் சட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். மே 15-ஆம் தேதி அரச ஒப்புதல். ஜூன் 24 முதல் அமல். வெளியிட்ட நாளிலிருந்து 14 ஆண்டுகள் உரிமை. உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் தகட்டிலும் ஒவ்வொரு தாளிலும் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். மீறினால் தகடும் தாள்களும் பறிமுதல், அதற்குமேல் தாள் ஒன்றுக்கு 5 ஷில்லிங் அபராதம். அபராதத்தில் பாதி அரசருக்கு, பாதி வழக்குப் போட்டவருக்கு.

ஐந்து ஷில்லிங் என்பது எவ்வளவு? சந்தாக் காலம் முடிந்தபின் 'ஊதாரியின் பயணம்' எட்டுத் தாளுக்கு இரண்டு கினி. தாளுக்கு ஐந்தேகால் ஷில்லிங். அதாவது ஒரு திருட்டுத் தாளுக்கான முழு அபராதமும் ஓர் அசல் தாளின் விலையைத் தொடவில்லை. அதிலும் பாதி அரசருடையது. சட்டத்துக்குப் பல் இருந்தது, பால்பல். நஷ்ட ஈடு கேட்டு வழக்காட வழி பிறந்தது 1777-இல் வந்த இன்னொரு சட்டத்தில்தான்.

இப்போது அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவுக்கு வருகிறேன். உரிமை யாருக்கு? தானே கற்பனை செய்து, வடிவமைத்து, செதுக்கியவருக்கு. அல்லது தன் வடிவமைப்பை ஆள்வைத்துச் செதுக்கியவருக்கு. அப்படியானால் பிறர் வடிவமைத்ததைப் பார்த்துச் செதுக்குகிறவர்? மனுவில் கையெழுத்திட்ட ஜான் பைன் அப்படிப்பட்டவர். பிரபுக்கள் அவையின் சுவர்களில் தொங்கிய திரைச்சீலைகளை, அதாவது 1588-இல் ஸ்பானியக் கப்பற்படை தோற்றதை நெய்துவைத்திருந்த சீலைகளை, அப்போது அவர் செதுக்கத் திட்டமிட்டிருந்தார். கற்பனை அவருடையதில்லை. சட்டத்தின் சொற்படி அவருக்கு ஒன்றும் தேறாது. என்ன செய்தார்கள்? ஜான் பைன் என்று பெயரைப் போட்டே ஒரு பிரிவு சேர்த்துவிட்டார்கள்: அன்னாருக்கும் இந்தச் சட்டத்தின் பலன் உண்டு. பொதுச் சட்டத்தில் ஒரு தனியாளின் பெயர்! அளவெடுத்த சட்டையில் முதல் ஒட்டு தையல்காரர் கையிலேயே போடப்பட்டது.

அந்த ஒட்டால் வரலாற்றுக்கு லாபம். பைன் 1739-இல் படங்களை வெளியிட்டார். 1834-இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது சீலைகளும் போயின. அவை எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிவது பைனின் செப்புத் தகடுகளால். (இந்தப் பைனை வைத்துத்தான் ஹோகார்த் பின்னால் 'காலே வாயில்' படத்தில், மாட்டிறைச்சியைக் கண்டு வாயூறும் தொந்திச் சாமியாரைத் தீட்டினார். ஊரெல்லாம் சாமியார் பைன் என்று கூப்பிட ஆரம்பித்ததில் அவருக்கு மெத்த வருத்தம்.)

வெர்ட்யூவின் நிலைமை வேறு. பிழைப்பே பிறர் தீட்டிய உருவப்படங்களைப் பார்த்துச் செதுக்குவது. மனுவில் கையெழுத்துப் போட்டார். அவருக்கென்று பிரிவு எதுவும் இல்லை.

நினைவில் திருடியவர்கள்

இனி கதையின் சூடான பகுதி. 'ஊதாரியின் பயணம்' தொகுதிக்கு 1733 டிசம்பரிலேயே சந்தா தொடங்கிவிட்டது. ஒன்பது படங்களுக்கு ஒன்றரைக் கினி: எட்டு ஊதாரி, ஒன்று 'சௌத்வார்க் சந்தை'. சிரிக்கும் நாடக ரசிகர்களைச் செதுக்கிய ரசீதில், அரைக் கினி பெற்றுக்கொண்டேன், இன்னொரு கினி தந்ததும் வரும் மிக்கேல்மஸ் திருநாளில் படங்களைத் தருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மிக்கேல்மஸ் என்றால் செப்டம்பர் 29. அந்த 1734 செப்டம்பர் வந்தது, போனது. சட்டம் வரும்வரை படங்களை வெளியே விட வேண்டாம் என்று முடிவு செய்தார். சந்தாதாரர்களுக்கு விளம்பரத்தில் காரணத்தையும் சொன்னார்.

காரணத்தைச் சொன்னதுதான் வினையானது. எந்தத் தேதிக்குப் பிறகு திருட முடியாது என்று திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஆனால் பார்த்து நகலெடுக்க அச்சுத் தாள் எதுவும் வெளியே வரவில்லை. ஓவியங்கள் மட்டும் லெஸ்டர் ஃபீல்ட்ஸ் வீட்டில், சந்தா கட்ட வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருந்தன. வீட்டு வாசலில் 'தங்கத் தலை' என்ற அடையாளம்: தக்கைத் துண்டுகளை ஒட்டி ஓவியர் வான் டைக்கின் தலையை ஹோகார்த்தே செதுக்கி, தங்கப் பூச்சுப் பூசி மாட்டியது. அந்தத் தலைக்குக் கீழே வாடிக்கையாளர் வேஷத்தில் ஆட்கள் நுழைந்தார்கள். கையில் காகிதமோ பென்சிலோ இல்லை. பார்த்தார்கள், ரசித்தார்கள், மனசில் ஏற்றிக்கொண்டார்கள், வெளியே போய்ச் செதுக்குபவர்களிடம் ஒப்பித்தார்கள். திரையரங்கில் கேமராவை ஒளித்து எடுத்துப் போகும் இன்றைய ஆட்களுக்கு இவர்கள் முப்பாட்டன்கள். கேமரா இல்லாததால் நான் இவர்களைக் கொஞ்சம் மதிக்கிறேன்.

ஜூன் தொடக்கத்தில் கடைக்காரர்கள் விளம்பரம் கொடுத்துவிட்டார்கள்: ஊதாரி ஒருவனின் பயணம், சர் பாசிட்டிவ் க்ரைப் என்பவரின் மகனும் வாரிசுமான ராம்பிள் க்ரைப்பின் கதையாக, சிறந்த கலைஞர்கள் செதுக்கியது, சில நாட்களில் வெளிவரும். ஹோகார்த்தின் நாயகன் டாம் ரேக்வெல். பெயரை மாற்றினால் கதை நம்முடையது என்று நினைப்பு. ஹோகார்த் கொதித்துப்போய்ப் பதில் விளம்பரம் கொடுத்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பி வேவு பார்த்திருக்கிறார்கள், சட்டம் அமலாகுமுன் மட்டமான நகல்களைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

போலிகள் வெளிவந்தன. ஜூன் 24-க்கு முன் என்பதால் சட்டப்படி குற்றம் இல்லை. அந்தத் தொகுதியை அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தனி வேடிக்கை. காட்சி என்ன என்று தெரிகிறது: கஞ்சத் தகப்பன் செத்த வீடு, கூத்தியாள் விடுதி, சூதாட்டம், சிறை. ஆனால் ஆட்கள் நிற்கும் இடமும் சாமான்களும் வேறு. நினைவு எதைப் பிடித்துக்கொள்ளும், எதை நழுவவிடும் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. கதை நின்றது, நுணுக்கம் உதிர்ந்தது.

உதிர்ந்ததில்தான் ஹோகார்த் இருந்தார். ஏழாவது தாளை எடுத்துக்கொள்ளுங்கள், ஃப்ளீட் சிறை. டாம் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் நாடகக் கையெழுத்துப்படி. அதோடு கொட்டகை முதலாளியின் கடிதம், உங்கள் நாடகத்தைப் படித்தேன், சரிப்படாது என்று ஒற்றை வரி. இன்னொரு கைதியின் கையிலிருந்து ஒரு சுருள் நழுவுகிறது: நாட்டின் கடனை அடைக்கும் திட்டம். தன் கடனை அடைக்க முடியாமல் உள்ளே கிடப்பவர் நாட்டுக் கடனுக்கு வழி கண்டிருக்கிறார். பின்னால் ஒருவர் உலை மூட்டித் தங்கம் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். அகராதி தொகுத்த அப்பாவை மட்டும்தான் அந்தச் சிறைக்குள் காணோம். ஹோகார்த் அவரை வரையாமல் விட்டதன் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 25 அன்று அசல் வெளியானது. மலிவுப் பதிப்புக்கு இந்த முறையும் ஒருவரை வைத்தார்: தாமஸ் பேக்வெல், ஹோகார்த்தின் சம்மதத்துடன் என்று அச்சடித்து, இரண்டரை ஷில்லிங்குக்கு விற்றார்.

சட்டம் தனக்கு என்ன செய்தது என்பதில் ஹோகார்த்துக்குச் சந்தேகமே இல்லை. 1754-இல் தேர்தல் படங்களுக்குக் கொடுத்த சந்தா ரசீதில் கிரீடங்களும் செங்கோல்களும் வரைந்து, நாடாளுமன்றத்துக்கு ஒரு நன்றியுரையே செதுக்கினார். அதில், அந்தச் சட்டம் ஏறக்குறைய இந்தப் படத்தின் வடிவமைப்பாளருடைய தனிச் செலவிலேயே கிடைத்தது என்பதையும் சொல்ல மறக்கவில்லை. நன்றியிலும் ஒரு பில். 1746-இல் அவர் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற, ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியில் பிடிபட்ட லோவட் பிரபுவின் படம் வாரக்கணக்கில் நாளொன்றுக்கு 12 பவுண்டு கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். என் கணிப்பில் இதில் சட்டத்தின் பங்கைவிட 'தங்கத் தலை'யின் பங்கு பெரிது. தன் வீட்டையே கடையாக்கிக்கொண்டார். விளம்பரம், சந்தா, மலிவுப் பதிப்பு எல்லாம் தன் கையில் வைத்திருந்தார். சட்டம் வருவதற்கு முன்பே 1,302 பவுண்டு பார்த்தவர் அவர்.

சட்டை சேராதவர்கள்

எலிசபெத் பிளாக்வெல்லின் கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். எலிசபெத் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடெடுத்து, செடிகளைப் பார்த்து வரைந்து, தானே செம்பில் செதுக்கி, தானே வண்ணமும் தீட்டி 500 தகடுகளில் ஒரு மூலிகை நூலை 1737 முதல் 1739 வரை தவணை தவணையாக வெளியிட்டார். அந்தப் பணத்தில் கணவர் வெளியே வந்தார். (மனிதர் பிறகு ஸ்வீடனுக்குப் போய் அரசியல் சதியில் மாட்டி 1747-இல் தலையை இழந்தார். இந்த அம்மாள் பட்ட பாட்டுக்கு அது ஒரு பலன்.) நகல் எடுத்தவர்மீது வழக்கு 1740-இல் ஹார்ட்விக் பிரபுவின் முன் வந்தது. எதிர்த்தரப்பு வாதம்: செடி இயற்கையில் இருப்பது, இதில் என்ன கற்பனை? இருப்பதைப் பார்த்து வடிவமைப்பதும் சட்டத்துக்குள் வரும் என்று நீதிபதி சொன்னதால் எலிசபெத் தப்பினார். சட்டை கொஞ்சம் இழுத்தால் இவருக்குச் சேர்ந்தது.

1753-இல் ஜெஃப்ரிஸ் என்பவருக்குச் சேரவில்லை. ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகளின் படம் ஒன்றை அவர் ஆள் வைத்துச் செய்வித்திருந்தார். பால்ட்வின் என்பவர் அதை நகலெடுத்தார். அதே ஹார்ட்விக் பிரபு, இந்தச் சட்டம் தன் அறிவால் உருவாக்கியவருக்கு, கூலி கொடுத்துச் செய்வித்தவருக்கு இல்லை என்று கையை விரித்தார். தகட்டைக் காசு கொடுத்து வாங்கினால் அதோடு உரிமையும் வந்துசேருமா என்பதிலும் சட்டத்தின் வாசகம் வழுக்கியது.

பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்குகிறவருக்கு உரிமை 1767-இல்தான் வந்தது; காலமும் 28 ஆண்டுகளாக நீண்டது. அதன் பிறகுதான் ஓவியர் ஒருவர், செதுக்குநர் வேறொருவர், முதல் போடும் வெளியீட்டாளர் மூன்றாமவர் என்ற பெருந்தொழில் காலூன்றியது. பெஞ்சமின் வெஸ்ட் தீட்டிய 'ஜெனரல் உல்ஃபின் மரணம்' ஓவியத்தை வில்லியம் உல்லட் 1776-இல் செதுக்க, பங்கு போட்ட ஜான் பாய்டெல்லுக்குக் கொட்டிய பணம் ஆயிரக்கணக்கான பவுண்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரவேற்பறைச் சுவர்களை நிறைத்தவை இந்த வகைப் படங்கள். ஆனாலும் நகலெடுப்பவன் என்ற பெயர் போகவில்லை: 1768-இல் தொடங்கிய கலைஞர்கள் அமைப்பான ராயல் அகாடமி ஒரு செதுக்குநரை முழு உறுப்பினராக ஏற்றது 1855-இல், சாமுவேல் கசின்ஸை.

1767 சட்டத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ஜேன் ஹோகார்த். 14 ஆண்டுக் கணக்கில் 'ஊதாரியின் பயணம்' 1749-லேயே காலாவதியாகிவிட்டது, ஹோகார்த் உயிரோடு இருக்கும்போதே. 1764 அக்டோபரில் அவர் இறந்தபோது மனைவிக்கு விட்டுப்போன முக்கியச் சொத்து தகடுகள்தான். ஓவியர் சர் ஜேம்ஸ் தோர்ன்ஹில்லின் மகள். 1729-இல் அப்பாவுக்குத் தெரியாமல் மணம் செய்துகொண்டவர். கணவர் படங்களுக்கான உரிமையை, 1767 ஜனவரி 1 முதல் 20 ஆண்டுகளுக்கு, தன் பெயரிலேயே சட்டத்தில் எழுதி வாங்கினார். ஜான் பைனுக்குப் போட்டது போலவே இன்னோர் ஒட்டு. 'தங்கத் தலை' வீட்டிலிருந்தபடியே உறவுக்காரப் பெண் மேரி லூயிஸின் துணையோடு வியாபாரத்தை நடத்தினார். போலிகளைப் பற்றி எச்சரித்துப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார், கணவரைப் போலவே.

இருபது ஆண்டு 1787 தொடக்கத்தில் முடிந்தது. விற்பனையும் முன்பே மந்தமாகிவிட்டிருந்தது. அந்த ஆண்டு ராயல் அகாடமி ஜேனுக்கு வருடம் 40 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. 1789-இல் அவர் இறந்தார். தகடுகள் மேரி லூயிஸுக்கு வந்தன. வருடத்துக்கு 250 பவுண்டு என்ற ஏற்பாட்டில் அவர் அவற்றை ஓர் அச்சுப்பட வியாபாரியிடம் ஒப்படைத்தார். அந்த வியாபாரி ஜான் பாய்டெல்.